ராஜாவுக்கு ஒரு ஓட்டு

"ராஜாவுக்கு விஷம் வைக்கலாமா வேண்டாமானு கேட்டா, அதுல யோசிக்க என்னடி இருக்கு? 'வை'னு ஓட்டுப் போட்டுட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திற."

செக்கிங் அக்கா சொல்லிவிட்டால் அந்தத் தையல் கம்பெனியில் மறுபேச்சு கிடையாது. ஒரு நூல் பிசிறு தெரிந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுபவள். மதிய இடைவேளையில் சாப்பாட்டு அறை டி.வி.யில் ஓடும் அந்த ராஜா காலத்துத் தொடரையும் அதே கறாரோடுதான் பார்ப்பாள்.

தொடரில் ராஜா செய்யாத அட்டூழியம் பாக்கியில்லை. சொந்தத் தம்பியைப் பாதாளச் சிறையில் தள்ளினான். புலவரின் நாக்கை வெட்டினான். இப்போது சின்ன ராணி பழரசத்தில் விஷத்தைக் கலந்து எடுத்துக்கொண்டு ஒரு வாரமாக அரண்மனைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் மேலே போய்ச் சேர்வதற்குள், ராஜா அதைக் குடிப்பதா வேண்டாமா என்று நேயர்களிடமே போனில் ஓட்டுக் கேட்டுவிட்டார்கள் டி.வி.க்காரர்கள். இரண்டு முடிவையும் படமெடுத்துத் தயாராக வைத்திருந்தார்களாம். கதை எழுதுகிறவருக்கும் ஓய்வு வேண்டாமா?

கம்பெனி மொத்தமும் விஷத்தின் பக்கம். சட்டைக்குக் காஜா எடுக்கும் பெண் மட்டும் ராஜாவின் பக்கம்.

"பாவம்க்கா. அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தா திருந்திடுவாரு."

"யாரு, அவனா? போன வாரம்தானே ஒரு ஊரையே கொளுத்தினான்."

"அந்த ஊர்க்காரங்க வரி கட்டலையேக்கா."

"சரி. புலவர் நாக்கு?"

"அவரும் கொஞ்சம் அதிகமாத்தான் பேசினாரு."

அறையே சிரித்தது. அயர்ன் போடுபவர் புரையேறித் தண்ணீர் தேடினார்.

"ராஜா மீசையில மயங்கிட்டா போல. இந்த விஷயம் உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமாடி?" என்றாள் செக்கிங் அக்கா.

"தெரியும். அவரும் ராஜா பிழைக்கணும்னுதான் ஓட்டுப் போட்டிருக்காரு."

"நல்லா வந்து சேர்ந்தீங்க ரெண்டு பேரும்."

காஜாக்காரி அசரவில்லை. ஒவ்வொரு தையல் மெஷினாகப் போய் நின்று, "ராஜாவைக் காப்பாத்துங்களேன்" என்று கெஞ்சினாள். பெற்ற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சீட்டுக் கேட்கிறவள்கூட அப்படிக் கெஞ்சமாட்டாள். செக்கிங் அக்காவும் சும்மா இருக்கவில்லை. வீட்டிலிருந்த அத்தனை போன்களிலும் விஷத்துக்கே ஓட்டுப் போட்டாள். அது போதாதென்று வாட்ச்மேனின் போனையும் பிடுங்கிப் போட்டாள். நாட்டுக்கு நல்லது செய்த நிறைவு அவள் முகத்தில் தெரிந்தது.

முடிவு தெரியும் நாள் வந்தது. சின்ன ராணி ஒருவழியாகப் படியேறி முடித்தாள். 'நேயர்களின் தீர்ப்புப்படி' என்று திரையில் எழுத்து ஓடியது. ராஜா பழரசத்தை ஒரே மடக்கில் குடித்தான், நெஞ்சைப் பிடித்தான், ஒரு நீண்ட வசனம் பேசினான், பிறகு சிம்மாசனத்திலேயே சாய்ந்தான்.

சாப்பாட்டு அறை கைதட்டியது. காஜாக்காரி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். டப்பாவில் சோறு அப்படியே இருந்தது.

செக்கிங் அக்காவுக்கே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பைத்தியமாடி நீ? அவன் என்ன நிஜமாவா செத்துட்டான்? மேக்கப்பைக் கலைச்சுட்டு வேற தொடருக்குப் போயிடுவான். அவனுக்கென்ன குறைச்சல்? நாளையிலேர்ந்து சின்ன ராணி ஆட்சி. ஜனங்க நிம்மதியா இருப்பாங்க."

"ராஜா எப்படிப் போனா எனக்கென்னக்கா? ராணி ஆட்சிக்கு வந்தா சாமரம் வீசறதுக்குப் பொம்பளைங்களைத்தான் வைப்பாங்களாம்." காஜாக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைக் காட்டினாள். "அதோ, சிம்மாசனத்துக்குப் பின்னாடி சாமரத்தோட நிக்கிறாரே, அவருதான்க்கா என் வீட்டுக்காரரு."

ராஜாவின் ஒட்டு மீசை இம்மி நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடும் செக்கிங் அக்கா, தினமும் அவனுக்குப் பின்னால் நின்ற அந்த மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.