அலமேலுவின் கட்டைவிரல்

"மரத்து மேல எவன் கை வச்சாலும் நடக்கிறதே வேற!"

சிவகாமசுந்தரி மாமரத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். ஏணியும் பாராங் கத்தியுமாக வந்த முனிசிபல் ஆள் நடராஜன் மிரண்டே போனார்.

"மரத்துல கம்பளிப்பூச்சின்னு நேத்து மனு வந்துச்சும்மா."

யார் வேலை என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் அலமேலு. பூச்சி முடி பட்டு அவள் மகளுக்கு உடம்பெல்லாம் தடித்ததிலிருந்து, நாலு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"மெர்டேக்கா வருது, நாட்டுக்குச் சுதந்திரம்னு காஜா பேராங் ஊரே சந்தோஷமா இருக்கு. சில பேருக்கு என் மரத்தைச் சாய்ச்சாத்தான் தூக்கம் வரும்!"

அலமேலு அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் சிவகாமியின் கணவர், அவள் பார்க்கப் போனால் முதலில் விசாரிப்பது இந்த மரத்தைத்தான். வெட்டிவிட்டார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"வெட்ட வரலம்மா. கூட்டை எடுக்கத்தான் வந்தேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூச்சிக்கு மனுப் போட்டால் மரத்தையே சாய்ப்பார்கள் என்றல்லவா கேள்வி?

நடராஜன் ஏணியில் ஏறினார். "இலையைச் சேர்த்துத் தைச்சிருக்கே, இது கெரெங்கா எறும்புக் கூடு. இருக்கட்டும், புழுவைத் தின்னும். அதோ, வலைக்குள்ள மொய்க்குது பாருங்க, அதான் கம்பளிப்பூச்சி."

நுனிக்கிளையை நறுக்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்கினார்.

"கொளுத்த மாட்டீங்களா?"

"கொளுத்தினா முடி பறந்து அக்கம்பக்கமெல்லாம் அரிக்கும்மா."

மூன்று கூடுகள் போயின. மரம் நின்றது. போன தைரியம் சிவகாமிக்குத் திரும்ப வந்தது.

"மனுவில யார் பேரு இருக்கு? சத்தமாச் சொல்லுங்க!"

நடராஜன் விழித்தார். "உங்க பேருதான்மா."

"என் பேரா? எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதே!"

அவர் காகிதத்தைப் பிரித்துப் படித்தார். "'வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஏற ஆளில்லை. தயவுசெய்து மரத்தை வெட்டாமல் கூட்டை மட்டும் எடுத்துத் தரவும். இப்படிக்கு, சிவகாமசுந்தரி.' கீழே கைநாட்டும் வச்சிருக்கீங்களே?"

குழம்பிப்போய்த் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் சிவகாமி. ஒரு பொட்டு மை இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், கையிலிருந்த ஈரத்துணியைப் போட்டுவிட்டு, கட்டைவிரலை அவசர அவசரமாகப் புடவைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள் அலமேலு. ஊதா மை போவதாக இல்லை.