பூட்டில்லாத சங்கிலி

"யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?"

ஓரின் கைத்தடியை ஆட்டிக்கொண்டு சரிவில் இறங்கி வந்தார். தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குதிரைகளில் கடைசியானது அப்போதுதான் தலையைத் தூக்கியிருந்தது.

"யாரையும் கேக்கலை ஓரின். போன வாரமும் கேக்கலை," என்றாள் லவோன், சேணத்தில் இருந்தபடியே.

"அத்துமீறி நுழையாதேன்னு பலகை வெச்சிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"வருஷா வருஷம் புதுசா பெயிண்ட் அடிக்கிறியே, தெரியாம இருக்குமா?"

"திருட்டுக் கூட்டம்! போங்க, போய்த் தொலைங்க!"

போனார்கள். பின்னால் வந்த டெஸ் சிரிப்பை அடக்கவில்லை.

"வேலிக்கதவுக்கு இவ்வளவு பெரிய சங்கிலி. பூட்டைக் காணோம். பூட்டு வாங்க மனசு வரலை போலிருக்கு கிழத்துக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். லவோன் சிரிக்கவில்லை.

அவர்களுடைய நூறு மைல் குதிரை ஓட்டப் பந்தயத்தின் பாதை முழுக்க அரசாங்கக் காட்டில்தான். நடுவில் அரை மைல் மட்டும் ஓரினின் மேய்ச்சல் நிலம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை. அந்த அரை மைல் போனால் பாதை இல்லை, ஓட்டமும் இல்லை.

இத்தனைக்கும் அந்தப் பாதையை மண்வெட்டி பிடித்து வெட்டியவர்களில் ஓரினும் ஒருவர். லவோனும் அவரும் எத்தனையோ வருடம் பக்கத்தில் பக்கத்தில் குதிரை ஓட்டியவர்கள். ஒருவர் குதிரை தண்ணீர் குடித்து முடிக்கும்வரை மற்றவர் நகராமல் நிற்பது இந்தக் கூட்டத்தின் மரியாதை. அதில் ஓரினை மிஞ்ச ஆளில்லை.

மனைவி ஆர்டித் இறந்துபோன பிறகுதான் எல்லாம் மாறியது. குதிரையை விற்றார். பலகை வைத்தார். நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கப்போகிறார் என்று ஊரில் பேச்சு.

ஒரு பனிக்காலத்தில் ஆப்பிள் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு லவோன் அவர் வீட்டுக்குப் போனாள்.

"கையெழுத்து வேண்டாம் ஓரின். வாயால ஒரு வார்த்தை சொல்லு. 'போயிக்கோங்க'ன்னு. அது போதும். இந்த வயசுல திருடி மாதிரி நுழையக் கூசுது."

ஓரின் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"அதை மட்டும் என்கிட்ட கேக்காதே."

"அப்போ நாங்க வராம நின்னுடணுமா?"

"நான் வராதேன்னுதான் சொல்லுவேன். நீ எப்போ நான் சொல்றதைக் கேட்டிருக்கே?"

கிண்டல் பண்ணுகிறார் என்றே அவளுக்குப் பட்டது. எழுந்துவிட்டாள்.

"ஆர்டித் இருந்திருந்தா காறித் துப்பியிருப்பா. உன் சாவுக்குக்கூட நான் வரமாட்டேன், பாத்துக்கோ."

"சரி, வராதே," என்றார் ஓரின்.

சொன்னபடியே அவள் போகவில்லை. இலையுதிர் காலத்தில் அவரை மனைவிக்குப் பக்கத்தில் புதைத்தபோது, லவோன் தன் லாயத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்திருந்த சேணத்தை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் வேலிக்கதவருகே ஒரு கார் நின்றது. ஓரினின் மகன் கர்ட்டிஸ். நகரத்தில் வியாபாரம் செய்கிறவன்.

லவோன் குதிரையிலிருந்து இறங்கினாள். "பூட்டு கொண்டு வந்துட்டியா?"

"கொண்டு வந்தேன். கார்லயே கிடக்கு. போடக் கூடாதாம்." பலகையை ஓர் உதை விட்டான். "வீடு கட்ட வந்தவனும் பின்வாங்கிட்டான்."

"ஏன்?"

"இந்தப் பாதை இப்போ உங்களுக்கு உரிமைப்பட்டதாம். என் வக்கீலே சொல்றார். சொந்தக்காரர் சம்மதிச்சு விட்டா அது வெறும் சலுகை. நாளைக்கே நிறுத்தலாம். ஆனா அவர் கூடாதுன்னு சொல்லச் சொல்ல, ஊரறிய, சட்டம் சொல்ற வருஷக் கெடு முடியற வரைக்கும் விடாம போயிட்டு வந்தா அது உரிமை. அப்புறம் யாராலயும் மூட முடியாது. அந்தக் கெடு போன வசந்தத்தோட முடிஞ்சுடுச்சு."

லவோன் சங்கிலியைப் பார்த்தாள்.

"எழுதிக் கொடுத்திருக்கலாமே," என்றாள்.

"எப்படி? பாதி நிலத்தை அம்மா என் பேர்ல வெச்சுட்டுப் போனாங்க. நான் கையெழுத்து போடமாட்டேன்னு அவருக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை, வாய் தவறியாவது 'போங்க'ன்னு சம்மதம் சொல்லியிருந்தா இன்னிக்கு இது என் கையில. நீங்களே வந்து கெஞ்சினீங்களாமே?"

அவளுடைய குதிரை வேலிக்கு அந்தப் பக்கம் கழுத்தை நீட்டித் தண்ணீர்த் தொட்டியை முகர்ந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது.

"அதுவும் எனக்குப் புரியலை," என்றான் கர்ட்டிஸ். "மாட்டையெல்லாம் வித்து எவ்வளவோ வருஷமாச்சு. அந்த நொண்டிக் காலை வெச்சுக்கிட்டு யாருக்காக இதுல தண்ணி நிரப்பினாரோ!"

கார் கதவைத் திறந்தவன் நின்றான்.

"ஆஸ்பத்திரியில கடைசியா என்ன கேட்டார் தெரியுமா? 'லவோன் இந்த வாரமும் என்னைக் கேக்காமத்தானே போனா?'ன்னார். ஆமாம்பான்னேன். சிரிச்சுக்கிட்டே கண்ணை மூடினார்."