குளிர்ந்த முனை

நீண்ட உலோகத் தகட்டின் ஒரு முனை சுடுகிறது, மறுமுனை சில்லிடுகிறது. அதன்மேல் பூசிய, பெயின்டைச் சுவரில் ஒட்டவைக்கும் பால்போன்ற கலவை காய்வதை பெயின்ட் ஆலையின் ஆய்வுக்கூடப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். சூட்டில் அதன் நுண்துளிகள் ஒன்றோடொன்று கலந்து கண்ணாடியாய்த் தெளியும். குளிரில் ஒட்டாமல் வெள்ளை வெள்ளையாய்ப் பொடிந்துபோகும். குளிர்காலத்தில் சுவரில் நிற்காது என்று பெயர் கெட்ட பெயின்ட் இது. ஆனால் எப்போதும் பாதித் தகட்டில் நின்றுவிடும் தெளிவு, இன்று அவளுடைய புதுக் கலவையில் நகர்ந்து நகர்ந்து குளிர்ந்த முனையையே தொட்டுவிடுகிறது. "அண்ணே, ஓடி வாங்க!" கலவை போடும் அண்ணன் கையைத் துடைத்தபடி வருகிறார். "போன தடவையும் இப்படித்தான் கத்துன. கடைசில மாவுதான் கொட்டுச்சு." அவள் குளிர்ந்த முனையில் நகத்தைக் கொடுத்து மெல்ல உரிக்கிறாள். வெங்காயத்தின் உள்தோல்போல் ஒரே படலமாய், கிழியாமல் வருகிறது. அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் வழியே அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். "இப்ப சொல்லுங்க, எங்கேண்ணே மாவு?"