மாலை வண்டிக்கு மாம்பழம்

மாலி நாட்டின் அந்தச் சிறிய ஸ்டேஷனுக்கு ரயில் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. தண்டவாளத்தில் ஆடுகள் மேய்ந்தன. ஆனாலும் பிளாட்பாரத்தில் பெண்கள் தினமும் கடை விரித்தார்கள். அவர்களை விரட்டத்தான் தலைநகர் பமாக்கோவிலிருந்து அதிகாரி செரிபா குலிபாலி வந்திருந்தார்.

"வண்டியே வராத இடத்துல யாருக்கும்மா விக்கிறீங்க? நாளைக்குள்ள காலி பண்ணுங்க."

"போடா, காராமணி தின்னி!" என்றாள் மாம்பழக்காரி நியேபா கெய்தா.

அந்த நாட்டு வழக்கப்படி, கெய்தா குலத்தவர்கள் குலிபாலி குலத்தவர்களை எப்படி வேண்டுமானாலும் கேலி செய்யலாம். குலிபாலி கோபப்படக் கூடாது. கேட்டதைத் தட்டவும் கூடாது. அவர் சிரித்தார்.

"சிரிச்சது போதும், என் கூடையைப் பிடி. சாயங்கால வண்டி வருது."

ஆடுகள் தாமாகவே தண்டவாளத்தை விட்டு விலகின. பெண்கள் எழுந்து கூடைகளை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கினார்கள். குலிபாலியும் சிரித்தபடியே தூக்கினார்.

எதிரே ஒன்றுமில்லை. ஆனால் கூடையின் கனம் குறைந்தது. ஒரு பழம் போயிற்று. இன்னொன்றை யாரோ அழுத்திப் பார்த்து, பிடிக்காமல் திரும்ப வைத்தார்கள்.

அவர் கூடையைக் கீழே இறக்கப் போனார்.

"கூடையை இறக்காதே!" என்று அதட்டினாள் நியேபா. "காலி பண்ணச் சொன்னியே, அதை இவங்ககிட்டயே சொல்லு. ஜன்னல்லதான் நிக்கிறாங்க."