கீறல் நீக்கம்

அப்பா வேறொருத்தியோடு போன அன்றே, கல்யாண ஃபோட்டோ நெகட்டிவில் அவர் முகத்தை அம்மா ஊக்கால் கீறித் தள்ளியிருந்தாள். போலாரம் வீட்டில் ஹர்ஷிதா அந்த நெகட்டிவை ஸ்கேனரில் செருகி, கணினி டெர்மினலில் கட்டளையைத் தட்டினாள். திரையில் அப்பா முழு முகத்தோடு சிரித்தார்.

“யாருடி அந்தாளைத் திரும்பக் கூட்டியாந்தது?” அம்மா கத்தினாள்.

“கீறலை நீக்குற ஆப்ஷன் ஆன்ல இருந்திருக்கும்மா.”

“நக்கோ! வேணவே வேணாம், எடுத்துத் தொலை அதை.”

ஹர்ஷிதா பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டளையில் அந்த ஆப்ஷனை அணைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தாள். அப்பா அப்படியேதான் சிரித்தார். பக்கத்தில் மணக்கோலத்தில் நின்ற அம்மாவின் முகத்தில் இப்போது கீறல்கள் இருந்தன.

அம்மா திரையையே பார்த்தாள். பிறகு வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள்.

“எடுத்துட்டு வாடி அந்த ஃபிலிமை. இந்தவாட்டி அந்தாள் கண்ணையே நோண்டிடுறேன்.”