இரண்டு பேருக்குப் புட்டு

“ஜிஹானா, நீர் இண்டைக்கு மேடைக்கு வரத்தான் வேணும்!”

பொலிஸ் சார்ஜன்ட் ஜெறோம் வழியை மறித்து நின்றான். குருநகருக்குக் கிட்டே, இருவரும் ஒன்றாகப் படித்த பள்ளிக்கூடம் அது. போதைப்பொருள் பற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல அவன் வந்திருந்தான். ஜிஹானா, இப்போது அங்கே படிக்கும் மகள் றுஷ்தாவோடு பெற்றோரில் ஒருத்தியாக வந்திருந்தாள்.

“ஐயோ, மைக்கைக் கண்டாலே எனக்குக் கை நடுங்கும். நீர்தானே பொலிஸ், நீரே கதையும்.”

“நான் கதைச்சால் கொட்டாவி விடுதுகள். போன பள்ளிக்கூடத்திலை பிறின்சிப்பலே நித்திரை!”

அவள் சிரித்துவிட்டாள்.

வாகைமரத்தடியில் அவர்கள் அன்று இருந்து சாப்பிட்ட பழைய மரவாங்கு இன்னும் கிடந்தது. ஜெறோம் அதைத் தடவிப் பார்த்தான்.

“ஞாபகமிருக்கே? நீர் புத்தளத்திலையிருந்து வந்து சேர்ந்த வருஷம். சாப்பாட்டு மணி அடிச்சால், மதிலுக்குப் பின்னாலை பெரிய பெடியள் கஞ்சா சுத்தி வைச்சுக்கொண்டு என்னைக் கூப்பிடுவாங்கள். நான் வெளிக்கிட, நீர் ஓடிவந்து மறிப்பீர். ‘உம்மா ரெண்டு பேருக்குப் புட்டுக் கட்டினவ, வாரும்’ எண்டு.”

“சம்பல் முழுக்க நீர்தான் வழிச்சுத் திண்டனீர்!”

“ஒருநாளும் புத்தி சொல்லேல்லை. ஒருத்தரிட்டையும் காட்டிக்குடுக்கேல்லை. அந்தப் பெடியளிலை ரெண்டு பேர் இப்ப மறியல் கம்பிக்குள்ளை. நான் இந்த உடுப்போடை நிக்கிறன். அதைத்தான் இண்டைக்குச் சொல்லப்போறன்.”

ஜிஹானாவின் சிரிப்பு நின்றது. “அது அப்பிடியில்லை, ஜெறோம்…”

“உமக்கு எப்பவும் அடக்கம்தான்!”

மண்டபத்தில் ஒரு பிள்ளையும் கொட்டாவி விடவில்லை. புட்டுக் கதையைச் சொல்லி முடித்த ஜெறோம், “அந்தச் சிநேகிதி இஞ்சைதான் இருக்கிறா” என்று மைக்கை நீட்டினான். கைதட்டல் எழுந்தது. றுஷ்தா தாயைப் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் ஜெறோமின் கதை விழுந்துவிடும். மகளின் பெருமையும் போய்விடும். சொல்லாவிட்டால் அல்லாஹ்வுக்கு என்ன பதில்?

ஜிஹானா எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

“பிள்ளையள், கஞ்சாக் கதை எனக்கு இண்டைக்கு இவர் சொல்லித்தான் தெரியும். நான் அப்ப புதுசு. என்னோடை இருந்து சாப்பிட ஒருத்தரும் வரேல்லை. இனிப் பள்ளிக்கூடமே வேண்டாமெண்டு வீட்டிலை அழுதன். ‘ரெண்டு பேருக்குக் கட்டித்தாறன், ஆரையாவது கூப்பிட்டுப் பார் மகள்’ எண்டு உம்மா சொன்னா.”

அவள் ஜெறோமைத் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாரையும் கூப்பிட்டன். வந்தது இவர் ஒராள்தான்.”