ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்

"அசையாதீங்கம்மா! ஃப்ரிட்ஜுக்குப் பின்னால இருக்கு. பெரிசு!"

பூச்சிமருந்து அடிக்க வந்தவன் கிசுகிசுத்ததும் வீட்டுக்காரம்மா நாற்காலியில் ஏறிவிட்டாள். கரப்பான்பூச்சித் தொல்லை தாங்காமல் அவள்தான் கம்பெனிக்குச் சொல்லி ஆளை வரவழைத்திருந்தாள்.

"கரப்பானா?"

"கொம்பு வண்டும்மா. தங்க நிறம். இதைப் பார்க்கவே கொடுத்து வெச்சிருக்கணும்."

"ஐயோ, வண்டு வேறயா! அடிச்சுக் கொல்லுப்பா!"

"கொல்றதா? உயிரோட பிடிக்கணும்மா." மருந்து டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தான். "வாடா ராஜா... ஓடாதே... பிடிச்சுட்டேன்!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எங்கே, காட்டு."

அவன் செல்போனை நீட்டினான். கேமராவில் தெரியும் பொம்மைப் பூச்சிகளை அவை இருக்கும் இடத்துக்கே தேடிப் போய்ப் பிடித்து வளர்க்கும் விளையாட்டு. திரையில் ஒரு பொம்மை வண்டு கொம்பை ஆட்டியது. நிஜக் கரப்பான் ஒன்று அவன் முழங்கையை உரசிக்கொண்டு சாவகாசமாகப் போனது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியில் நின்றபடியே போன் போட்டு மேனேஜரைப் பிடித்தாள்.

"மருந்தடிக்க ஆள் அனுப்பினீங்களா, விளையாட அனுப்பினீங்களா? என் சமையலறையில படுத்துக்கிட்டு போன்ல கொம்பு வண்டு பிடிக்கிறான்!"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ரொம்பத் தப்பும்மா. இதோ, நானே நேர்ல வரேன்" என்ற மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தங்க நிறமா, கறுப்பாம்மா?"